பூக்கூடை அம்மாவுக்கு நன்றி

போன வியாழக்கிழமை மாலை மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் பேருந்து நிலையம் சென்ற டவுன் பஸ்ஸில், மல்லிகைக் கூடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த அம்மா, இந்த நன்றி உங்களுக்கு.

பட்ட காலிலே படும் என்பார்கள். வேலை போனது, அப்பா மருத்துவமனையில் படுத்தார், அன்று கூட்டத்தில் பர்ஸும் பறிபோனது. கைப்பேசியில் சார்ஜ் இல்லை. அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். நடத்துநர் விசிலடித்துப் பஸ்ஸை நிறுத்தி, "சட்டை மட்டும் பளபளப்பாக இருந்தால் போதுமா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டபோதுதான் கூனிக் குறுகிப்போனேன். நாலு பேர் சிரித்தார்கள். ஒருவர் படம்கூட எடுத்தார் (அவர் நன்றாக இருக்கட்டும்!).

நீங்கள் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, பூவின் ஈரம் பட்டு நைந்த பத்து ரூபாய்த் தாள்களில் இரண்டை நீட்டி, "அந்தத் தம்பிக்கு ஒரு டிக்கெட்" என்றீர்கள். 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. உங்களுக்கே டிக்கெட் வாங்க வேண்டாத பஸ்ஸில் எனக்கு வாங்கினீர்கள்.

சிம்மக்கல்லில் இறங்கிவிட்டீர்கள். அப்பா இப்போது தேறிவருகிறார். பூச்சந்தைப் பக்கம் உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கொடுத்த பணத்தைத் திருப்பி வாங்க மாட்டீர்கள் என்று தெரியும். ஒரு கூடைப் பூவையாவது எனக்கு விற்றுவிடுங்கள், அம்மா.