முடிச்சை அவிழ்க்கும் கைகளுக்கு நன்றி

கிருஷ்ணகிரியில் ஈரக் குப்பையை உரமாக்கும் நுண் உர மையத்திலும் உலர் குப்பை பிரிக்கும் கொட்டகையிலும் வேலை பார்க்கும் அக்காக்கள், அண்ணன்கள், மேற்பார்வையாளர், பேட்டரி வண்டி ஓட்டுநர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் தெருக்காரர்கள் சுற்றிப் பார்க்க வந்தது மாம்பழ சீசன் உச்சத்தில். அப்போதும் சலிக்காமல் எல்லாவற்றையும் காட்டினீர்கள். நன்றி. அங்கே பார்த்தது எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறோம்.

வண்டியிலிருந்து இறங்குவதில் பெரும்பாலானவை முடிச்சுப் போட்ட கேரிபேக்குகள். இரண்டு நாள் கட்டிக் கிடந்த சாம்பார் சோறு காற்றில்லாமல் புளித்து, அவிழ்த்ததும் மூக்கில் அறைகிறது. முடிச்சு இறுகியிருந்தால் கிழித்துத்தான் ஆக வேண்டும். உள்ளே உடைந்த பல்பா, பிளேடா, இன்சுலின் ஊசியா, தெரியாது. ரப்பர் கையுறையை ஊசி சுலபமாகத் துளைத்துவிடும். சானிட்டரி நாப்கினைச் சுற்றித்தான் போட வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுத் தனியாகக் கொடுத்தால் போதும், நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்காது.

அரவை இயந்திரத்துக்கு முன்னால் நின்று இளநீர் மட்டை, மாங்கொட்டை, துணி, சாக்குக் கயிறு எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்கிறீர்கள். ஒரு முழம் கயிறு தண்டில் சுற்றினால் மோட்டார் சூடேறி நின்றுவிடும். அப்புறம் பிளேடைக் கழற்றி, கயிற்றை அறுத்து எடுக்கும்வரை குப்பை குவிந்துகொண்டே இருக்கும்.

உரத் தொட்டியில்தான் உங்கள் கைப்பக்குவம் தெரிகிறது. அடியில் காய்ந்த சருகு, மேலே அரைத்த குப்பை, அதன்மேல் சாணிக் கரைசல், மறுபடி சருகு. மாம்பழத் தோலில் தண்ணீரும் சர்க்கரையும் அதிகம். அதை மட்டும் கொட்டினால் கொழகொழத்து, காற்று அடைத்து, புழு வைத்துவிடும். அதனால்தான் பழக்கழிவு இரண்டு கூடைக்குச் சருகு ஒரு கூடை என்று கணக்கு வைத்திருக்கிறீர்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரியலாம், ஒழுகக் கூடாது. சரியாக அமைந்தால் சில நாட்களில் நடுவில் 55 முதல் 65 டிகிரி வரை சூடேறும். செருகிய கம்பியை உருவினால் கையில் பிடிக்க முடியாது. களை விதையும் கிருமியும் சாவது அந்தச் சூட்டில்தான். அழுகின முட்டை நாற்றம் வந்தால் காற்றுப் போதவில்லை, கிளறிவிட வேண்டும். மூக்கைச் சுள்ளென்று குத்தினால் சருகு போதவில்லை. வாரம் ஒருமுறை கிளறி, 45 முதல் 60 நாளில் மண்வாசனை வந்ததும் 4 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்கிறீர்கள். நூறு கிலோ குப்பை போட்டால் உரமாகக் கிடைப்பது ஏறக்குறைய கால்வாசிதான். அதில் ஒரு கண்ணாடிச் சில்லு கலந்தாலும் தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்கிறவருக்குத்தான் ஆபத்து.

உலர் குப்பையில் பால் கவரும் பெட் பாட்டிலும் காசாகும், கழுவி வந்தால். குழம்பு ஊறின அட்டையை யாரும் வாங்குவதில்லை. உள்பக்கம் வெள்ளி மினுங்கும் சிப்ஸ் பாக்கெட் பல அடுக்கு ஒட்டியது. பிரித்து உருக்க வழியில்லாததால் அழுத்திக் கட்டாகக் கட்டி (பேல்) சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகிறது. அதிலும் ஈரம் இருந்தால் சூடு குறையும்.

“நாங்க பிரிச்சுக் கொடுத்தாலும் அவங்க ஒண்ணாத்தானே கொட்டுறாங்க” என்பது எங்கள் தெருவின் பழைய பல்லவி. வண்டிக்குள் தடுப்பு இருப்பதைக் காட்டினீர்கள். சீசனில் ஈரப் பக்கம் பாதி வழியிலேயே நிரம்பி உலர் பக்கம் வழிகிறது என்பதையும் மறைக்காமல் சொன்னீர்கள். அந்த இரண்டு மாதமும் வண்டி கூடுதல் நடை வர வேண்டும். அதைக் கேட்டு மனு எழுதுவது எங்கள் பொறுப்பு.

கொடுத்தனுப்பிய உரத்தை, சொன்னபடி மண் மூன்று பங்குக்கு ஒரு பங்கு கலந்து தொட்டிச் செடிகளுக்குப் போட்டிருக்கிறோம்.

எங்கள் தெருவில் இனிமேல் ஈரக் குப்பை மூடி போட்ட வாளியில்தான் வரும். யாராவது முடிச்சுப் போட்ட பையை நீட்டினால் வாங்காதீர்கள், அக்கா. வாசலிலேயே திருப்பிக் கொடுங்கள். யார் முகம் சுளித்தாலும் நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
தெருக் குடியிருப்போர்,
கிருஷ்ணகிரி