துகள் சிறுத்தால் ஒளி கூடுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நானோ ஒளிர்பொருள்கள் பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். தமிழில் இந்தத் துறையைத் தொடுபவர்கள் குறைவு, அந்த வகையில் நன்றி. ஆனால் துகள் சிறுக்கச் சிறுக்கப் பிரகாசம் கூடும், நிறமும் மாறும் என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. குவாண்டம் புள்ளிகள் எனப்படும் நுண்ணிய குறைகடத்தித் துகள்களையும், எர்பியம், யூரோப்பியம் போன்ற அருமண் உலோக அயனிகள் கலந்த துகள்களையும் கட்டுரையாளர் ஒரே பட்டியில் அடைத்துவிட்டார்.

2023-இல் வேதியியல் நோபல் பரிசுக்குரியவையான குவாண்டம் புள்ளிகளில், அளவு மாறினால் நிறம் மாறும். எர்பியத்திலும் சிவப்பாக ஒளிரும் யூரோப்பியத்திலும் கதை வேறு. அங்கே ஒளி தரும், 4எஃப் என்ற உள்கூட்டு எலெக்ட்ரான்கள் வெளிக்கூடுகளின் மறைவில் இருப்பதால், துகள் பெரிதானாலும் சிறிதானாலும் நிறம் ஏறத்தாழ அதேதான். பிரகாசம் மாறும், பெரும்பாலும் குறையும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டையில் மேலடுக்கின் ஒரே ஒரு நானோமீட்டருக்குள் அதன் கனஅளவில் ஏறக்குறைய பாதி அடங்கிவிடும். 5 மைக்ரோமீட்டர் மணியில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு சொச்சம். பரப்பிலோ படிகக் குறைகள், தண்ணீரின் ஓ-ஹெச் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) பிணைப்புகள், தயாரிப்பின்போது ஒட்டிக்கொண்ட ஒலியிக் அமிலம் என்று ஆற்றலைப் பிடுங்கக் காத்திருப்பவை பல. ஒளியாக வரவேண்டியது அதிர்வாகி, வெப்பமாகிக் கரைகிறது.

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தார் 2010-இல் இதை அளந்தே காட்டினார்கள். இட்டெர்பியமும் (ஒளியை உறிஞ்சி எர்பியத்துக்குக் கொடுப்பது) எர்பியமும் கலந்த சோடியம் இட்ரியம் ஃபுளூரைடின் பச்சை ஒளிர்வுத் திறன், பெருமணித் தூளில் சுமார் 3 சதவீதம். 100 நானோமீட்டர் துகளில் 0.3, 10 நானோமீட்டரில் 0.005. எங்கள் ஆய்வகத்திலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். சைக்ளோஹெக்சேன் என்ற கரைப்பானில் மிதக்கும் துகள்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத 980 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரைச் செலுத்தினால் பளிச்சென்று ஒரு பச்சைக் கோடு. அதே துகள்களைத் தண்ணீருக்கு மாற்றினால் கோடு மங்கி, பச்சையைவிடச் சிவப்பு மேலோங்கிவிடும். ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியம் உள்ள கனநீரில் இந்த இழப்பு குறைவு. திருடன் ஓ-ஹெச் பிணைப்புதான் என்று அதிலேயே தெரிந்துவிடுகிறது.

எர்பியத்தை அதிகமாகச் சேர்த்தால் ஒளி பெருகும் என்று கட்டுரை சொல்வதும் பாதி உண்மைதான். வழக்கமான கலவையில் இட்டெர்பியம் 20 சதவீதம் இருந்தாலும் எர்பியம் வெறும் 2 சதவீதம். அதற்கு மேல் போனால் அயனிகள் நெருங்கி ஆற்றலைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்கின்றன. கைமாறிக் கைமாறிப் பரப்பிலுள்ள ஏதோ ஒரு குறையில் போய் அது சிக்கிவிடுகிறது.

உயிரணுக்களைப் படம்பிடிக்கச் சிறிய துகள்கள்தாம் வேண்டும் என்பதால், பெரியதைச் செய்து தப்பித்துவிடவும் வழியில்லை. இட்டெர்பியமும் எர்பியமும் கலக்காத அதே ஃபுளூரைடைச் சில நானோமீட்டர் தடிமனில் மேலே வளர்த்துவிடுவதே இன்று கைகொடுக்கும் முறை. ஒளிர்வு பல மடங்கு மீள்கிறது. எர்பியத்தின் அளவையும் முன்பைவிடத் துணிந்து கூட்ட முடிகிறது. இரண்டு பக்கக் கட்டுரையில் இந்த மேலுறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்குப் பெரிய குறை.

இன்னொன்று. புற ஊதா விளக்கின் கீழ் நீலம் முதல் சிவப்பு வரை வரிசையாக மின்னும் குப்பிகளின் படத்துக்கு 'அருமண் நானோ துகள்கள்' என்று குறிப்புப் போட்டிருக்கிறீர்கள். அளவுக்கேற்ப நிறம் மாறுவதைக் காட்டும் படம் அது என்று கட்டுரையே சொல்வதால், அவை குவாண்டம் புள்ளிகளாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் குறிப்பையாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வேதியியல் ஆய்வு மாணவி,
திருச்சிராப்பள்ளி