விடைபெறும் பயணம் வேண்டாம்: ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ராப் ஹால்ஃபோர்ட், இயன் ஹில், கிளென் டிப்டன், ஸ்காட் டிராவிஸ், ரிச்சி ஃபால்க்னர், ஆண்டி ஸ்னீப் ஆகியோருக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் இசைக்குழுவான நீங்கள் இன்னும் எத்தனை காலம் ஊர் ஊராகப் போய் வாசிக்கப்போகிறீர்கள் என்பதைப் பற்றி உங்கள் ரசிகர்களுக்குள் ஓயாத வாக்குவாதம் நடக்கிறது. போதும், மரியாதை குறையாமல் நிறுத்திக்கொள்ளுங்கள் என்கிறார்கள் ஒரு சாரார். மூச்சு இருக்கும்வரை பாடுங்கள், மேடையிலேயே முடியட்டும் என்கிறார்கள் இன்னொரு சாரார். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. 'விடைபெறும் பயணம்' என்று இன்னொன்றை அறிவிக்காதீர்கள்; நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு தொடருங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

2010 டிசம்பரில் 'எபிடாஃப்' பயணத்தை உங்கள் கடைசிப் பெரிய உலகப் பயணமாக அறிவித்தீர்கள். அது தொடங்குவதற்குள் கிட்டார் கலைஞர் கே.கே. டவுனிங் விலகினார். அவர் இடத்துக்கு 31 வயது ஃபால்க்னர் வந்தார். வந்தவர் குழுவுக்கே புது ரத்தம் பாய்ச்சினார். 2014இல் 'ரிடீமர் ஆஃப் சோல்ஸ்', 2018இல் 'ஃபயர்பவர்', 2024இல் 'இன்வின்சிபிள் ஷீல்ட்' என்று ஆல்பங்கள் வந்தன. 'பெயின்கில்லர்' ஆல்பத்துக்குப் பிறகு நீங்கள் செய்தவற்றில் 'ஃபயர்பவர்'தான் தலைசிறந்தது என்பது என் உறுதியான எண்ணம். சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு அன்றே கடையைக் கட்டியிருந்தால் இவை எதுவும் எங்களுக்குக் கிடைத்திருக்காது. ஆகவே நீங்கள் திரும்பி வந்ததில் எனக்குத் துளியும் மனக்குறை இல்லை. 'கடைசி' என்று சொல்லியிருக்கவே வேண்டாம் என்பதுதான் என் வருத்தம்.

மற்ற குழுக்களும் இதையேதான் செய்தன. இனிமேல் பயணமே கிடையாது என்று 2014இல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மோட்லி குரூ, 2019இல் மனம் மாறியது. 2019 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் விடைபெற்ற ஸ்லேயர், 2024இல் மறுபடி மேடை ஏறியது. அந்த இரவுகளில் கண்கலங்கி நின்ற ரசிகர்களின் உணர்வு உண்மையானது. அதற்கு டிக்கெட் விலை வைத்தது சரியல்ல.

பிளாக் சபாத் குழுவின் பாடகர் ஓசி ஆஸ்போர்ன் போன பிறகு இந்தப் பேச்சு இன்னும் வலுத்துவிட்டது. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் சிம்மாசனத்தில் அமர்ந்தபடி அவர் பாடினார். ஜூலை 22 அன்று இறந்தார். அப்படி ஒரு முடிவு எல்லோருக்கும் அமைய வேண்டும் என்று அன்றிலிருந்து ரசிகர்கள் ஆசைப்படுகிறார்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான். பர்மிங்காம் உங்கள் மண் என்பதால் அந்த ஆசை கூடுதலாகவே இருக்கிறது. ஆனால் அதே மாலை நீங்கள் எங்கே இருந்தீர்கள்? ஜெர்மனியின் ஹனோவரில், ஸ்கார்ப்பியன்ஸ் குழுவின் 60ஆம் ஆண்டு விழாவில். 2010இலேயே விடைபெறப்போவதாக அறிவித்த குழு அது! ஓசியின் முடிவு ஓசிக்கே உரியது. அதை அளவுகோலாக்கி உங்கள் முன் நீட்டுவது நியாயம் இல்லை.

மேடையிலேயே முடியட்டும் என்பவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. 2021 செப்டம்பர் 26, லூயிவில் நகரம். 'பெயின்கில்லர்' பாடலின் நடுவே ஃபால்க்னருக்குப் பெருந்தமனி கிழிந்து, ரத்தம் மார்புக்குள் கசிந்துகொண்டிருந்தது. அது தெரியாமல் அவர் வாசித்து முடித்தார். அந்தக் காணொளியில் அவர் முகத்தைப் பார்க்க முடிந்தவர்களுக்குத் தெரியும்: விரல்கள் தடுமாறாமல் ஓடுகின்றன, கண்களில் மட்டும் ஏதோ புரியாத கலக்கம். பத்து மணி நேரத்துக்கும் மேல் அறுவை சிகிச்சை நடந்தது. அன்றைய நிகழ்ச்சி வழக்கத்தைவிடச் சிறியதாக இருந்தது. முழு நேர நிகழ்ச்சியாக இருந்திருந்தால் சுருண்டு விழும்வரை வாசித்திருப்பேன் என்ற பொருளில் அவர் பிறகு எழுதினார். அப்போது அவருக்கு வயது 41. குழுவிலேயே இளையவர். பக்கவாதத்தால் வலது கையில் பாதிப்பு இருப்பதையும் 2025இல் அவரே வெளியே சொன்னார். 1951இல் பிறந்து, புற்றுநோயிலிருந்து மீண்டு வந்த பாடகர் ஹால்ஃபோர்டிடம் இதற்கு மேல் என்ன கேட்பது?

இந்த இடத்தில் மோட்டார்ஹெட் குழுவின் பாடகர் லெமியின் பெயரை இழுக்காதவர்கள் குறைவு. பெர்லினில் 2015 டிசம்பர் 11 அன்று மோட்டார்ஹெட் வாசித்தது, 28ஆம் தேதி லெமி இறந்தார் என்று பெருமையோடு சொல்வார்கள். அதே ஆண்டு உடல் ஒத்துழைக்காமல் அவர் நிகழ்ச்சிகளைப் பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போனதைச் சொல்ல மாட்டார்கள்.

டிப்டன் அவர்களே, உங்களைத்தான் நான் முன்னுதாரணமாகக் காட்டுவேன். பார்க்கின்சன் நோய் முற்றியதை 2018இல் வெளிப்படையாகச் சொன்னீர்கள். உங்கள் இடத்தில் ஸ்னீப் கிட்டார் வாசிக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தீர்கள். முடிந்த இரவுகளில் மட்டும் கடைசிச் சில பாடல்களுக்கு வந்து நின்றீர்கள். யாரும் உங்களை வழியனுப்பி வைக்கவும் இல்லை, நீங்கள் குழுவை விட்டுப் போகவும் இல்லை. இதைவிட நேர்மையான வழி எது?

2022 ஜனவரியில் ஸ்னீப் இல்லாமல் நால்வராகப் போவதாக அறிவித்து, ரசிகர்கள் கொதித்ததும் சில நாட்களிலேயே அதைக் கைவிட்டீர்கள். இரட்டை கிட்டார் இல்லாமல் பிரீஸ்ட் இல்லை என்பதால் அன்று கொதித்தவர்களில் நானும் ஒருவன்; இன்றும் அதே கருத்துதான். குழுவின் ஓசை எப்படி இருக்க வேண்டும் என்பதில் ரசிகன் வாய் திறக்கலாம். ஆனால் எந்த நாளோடு நிறுத்துவது என்று சொல்லும் உரிமை எங்களில் யாருக்கும் இல்லை.

நடைமுறைக்கு வருகிறேன். அடுத்தடுத்த இரவுகளில் நிகழ்ச்சி வைக்க வேண்டாம். ஒரு நகரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு மூன்று நாள் ஓய்வு இருக்கட்டும். 'பெயின்கில்லர்' பாடலை எல்லா இரவும் பாட வேண்டியதில்லை. ஹால்ஃபோர்ட் இடுப்பு வளைந்து, இரண்டு கைகளாலும் மைக்கை இறுக்கிக்கொண்டு அந்தக் கூவலை எட்டிப் பிடிப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது, அடுத்த கணமே பயமாகவும் இருக்கிறது. தேவைப்பட்டால் சுருதியை ஒரு கட்டை இறக்கிக்கொள்ளுங்கள். முன்பே பதிவு செய்த குரலை மட்டும் எங்களுக்கு ஒலிபரப்பாதீர்கள். ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். புது ஆல்பம் வந்தால், ஒரு நிகழ்ச்சிகூட இல்லாத ஆண்டையும் நாங்கள் சந்தோஷமாகக் கடப்போம்.

இப்படிக் குறைக்கும்போது உங்கள் பயணப் பட்டியலிலிருந்து முதலில் விடுபடப்போவது எங்களைப் போன்றவர்களின் ஊர்கள்தான். உங்களை நேரில் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அதோடு போய்விடலாம். அதற்குச் சம்மதித்தே இதை எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தமிழ் ரசிகன்