பக்கத்துத் தெருதானே

கோவில்பட்டி,
தை 11

அன்பு மகள் பவித்ராவுக்கு,

அப்பா எழுதுவது. நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக அம்மாவிடம் போனில் சொன்னாய். கடலை மிட்டாய்ப் பொட்டலத்தைக் கட்டிலின் மேலேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறாய். வெள்ளிக்கிழமை தம்பி கோயம்புத்தூர் வரும்போது இந்தக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் நான் கேட்க வேண்டியதைக் கேட்க மாட்டேன். சாப்பிட்டாயா, அங்கே பனி எப்படி என்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவேன் என்பது உனக்கும் தெரியும்.

பொங்கலுக்கு வந்து நீ வீட்டில் இருந்த நான்கு நாளும் முழுக்கைச் சுடிதாரே போட்டிருந்தாய். அம்மா எண்ணெய் தேய்த்துவிடக் கூப்பிட்டபோது தலை வலிக்கிறது என்று விலகிக்கொண்டாய். தண்ணீர்க் குடத்தை வலது கையால் மட்டும் தூக்கினாய். பொங்கல் பானையை இறக்க அம்மா கூப்பிட்டதற்குத் தம்பியை அனுப்பினாய். இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எதுவும் கேட்கவில்லை. புறப்படுவதற்கு முந்தின நாள், தோள்பையின் பக்கவாட்டு ஜிப் சிக்கிக்கொண்டது என்று என்னிடம் கொடுத்தாய் அல்லவா? மெழுகுவத்தியைத் தேய்த்து மெதுவாக இழுத்தபோது ஜிப் திறந்துகொண்டது. உள்ளே நீ பைக் ஓட்டும்போது போடும் கையுறைகள் இருந்தன.

வலது கையுறை புதிதுபோல் இருந்தது. இடது கையுறையின் உள்ளங்கையில், மணிக்கட்டை ஒட்டிய மேட்டில் தைத்திருந்த கெட்டியான பிளாஸ்டிக் வில்லை ஒரு பக்கமாகத் தேய்ந்து வெளுத்துப்போயிருந்தது. வில்லையைச் சுற்றிய தோல் சொரசொரவென்று எழும்பி, தையல் விட்டு, நூல் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. அந்த மடிப்புக்குள் ஒரு சிறிய ஜல்லித் துணுக்கு இருந்தது. அதை விரல் நகத்தால் எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த வில்லை இல்லாமல் இருந்திருந்தால் அந்த ஜல்லி எங்கே ஏறியிருக்கும் என்று யோசித்தேன். பிறகு கையுறைகளை இருந்த இடத்திலேயே வைத்து, ஜிப்பை மூடி, சரியாகிவிட்டது அம்மா என்று உன்னிடம் கொடுத்தேன். நீயும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பைக்கை விற்றுவிடு என்று இந்தக் கடிதத்தில் எங்கும் எழுதப்போவதில்லை. அதற்குப் பயந்துதான் நீ மறைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். நம் தெருவில் முதன்முதலில் கியர் வண்டி ஓட்டிய பெண் நீ. பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வண்டி என்று உன் அத்தை கேட்டபோது, அவள் சம்பாத்தியத்தில் வாங்கிய வண்டியை அவள் ஓட்டுகிறாள் என்று பதில் சொன்னவன் நான். அதில் எனக்கு இருந்த பெருமிதம் இன்றும் குறையவில்லை.

ஆனால் மணிக்கட்டைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. கையை ஊன்றி விழுபவர்களுக்குக் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டில் இருக்கும் ஒரு சிறிய எலும்பு விரிசல் விடுவது உண்டு. முதல் எக்ஸ்ரேயில் அந்த விரிசல் தெரியாமல் போகலாம். பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி எடுக்கும்போது தெரியும். அந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால், கவனிக்காமல் விட்டால் கூடாமலே நின்றுவிடலாம். கட்டைவிரலை மேலே நிமிர்த்தினால் அதன் அடியில் ஒரு குழி விழும். அந்தக் குழியை மறு கையின் விரலால் அழுத்திப் பார். வலித்தால் அன்றைக்கே எலும்பு டாக்டரிடம் போ. ஏற்கெனவே ஒருமுறை போயிருந்தாலும் மறுபடி போ.

நீ எப்படி விழுந்தாய் என்று எனக்குத் தெரியாது. வேகமாகப் போய் விழுந்திருக்க மாட்டாய் என்பது மட்டும் அந்தக் கையுறையைப் பார்த்தால் தெரிகிறது. உன் வண்டி 180 கிலோ எடை. ஓட்டத்தில் அது தானே நிமிர்ந்து நிற்கும்; நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டால் அந்தப் பிடிமானம் போய்விடுகிறது, முழு எடையும் ஓட்டுகிறவர் கையில் வந்துவிடுகிறது. யூ டர்ன் எடுக்கும்போதும், அடுக்குமாடிக் கேட்டுக்குள் திரும்பும்போதும், ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பியிருக்கும் நிலையில் முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமாகவே சாய்ந்துவிடும். கீழே கொஞ்சம் மணலோ, நனைந்த வெள்ளைக் கோடோ, இரும்பு மூடியோ இருந்தால் அதைத் தடுக்க யாராலும் முடியாது. மெதுவாகத் திரும்பும்போது பின் பிரேக்கை மட்டும் லேசாகப் பயன்படுத்து. சாய்ந்துவிட்டால் காலைக் கொடுத்துத் தாங்க முயலாதே, விட்டுவிடு. கணுக்கால் அடியில் சிக்கினால் 180 கிலோவும் அதன்மேல்தான் இறங்கும். வண்டியின் கிராஷ் கார்டு, அதுதான் முன்னால் இருக்கும் காப்புக் கம்பி, வளைந்தால் வளைந்துவிட்டுப் போகட்டும்.

மெதுவாகப் போனால் அடிபடாது என்று எல்லோரும் நம்புகிறார்கள். 31 வருடம் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்ஸ் நடத்தியவன் என்பதால் இதை மட்டும் கணக்காகவே சொல்கிறேன். வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி அசையாமல் நின்றுகொண்டிருந்தாலும்கூட, அங்கிருந்து விழும் தலை தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு 5.4 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஸ்பீடாமீட்டர் என்ன காட்டினாலும் இந்த 20 மாறாது. வெறும் தலை தார்ச்சாலையில் பட்டால் அந்த வேகம் சில மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் நசுங்கி அந்தத் தூரத்தைப் பல மடங்காக்குகிறது, விசையும் அதே அளவுக்குக் குறைகிறது. நசுங்கிய தெர்மாகோல் மறுபடி எழும்பாது. ஆகவே நீ விழுந்தபோது ஹெல்மெட் தரையில் பட்டிருந்தால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், அதை மாற்றிவிடு. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற ஹெல்மெட் தர எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. தாடையை மூடும் முழு ஹெல்மெட்டாகவே வாங்கு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் நேரில் ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று உண்டு. அந்த விபத்துகளில் பாதி, மணிக்கு 35 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில் மோதியவை. அதை மாணவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

உன் முழங்கைக்கு வருகிறேன். நீ பேருந்து ஏறும் நாளில் கையைத் தூக்கிப் பையை மேலே வைத்தபோது சுடிதார்க் கை சரிந்தது; பொருக்குத் தட்டிய காயம் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. கையுறை போட்டிருந்த கை தப்பித்திருக்கிறது, முழங்கை தப்பிக்கவில்லை என்றால், அன்றைக்கு நீ அந்த ரைடிங் ஜாக்கெட்டைப் போடவில்லை என்றுதான் அர்த்தம். ஏன் போடவில்லை என்று உன்னைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. போன தீபாவளிக்கு நீ அதைக் கொண்டுவந்து, தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் வைத்திருக்கும் பட்டைகளை உருவிக் காட்டி, விரலால் அழுத்தினால் மென்மையாக இருக்கிறது, அடிபட்டால் இறுகிக்கொள்ளும் அப்பா என்று சின்னப்பிள்ளைபோல் விளக்கினாய். நான் விலையைக் கேட்டேன். எட்டாயிரத்து ஐந்நூறு என்றாய். அத்தை, சித்தப்பா, பிள்ளைகள் எல்லோரும் இருக்கும்போது, ஊருக்குள் ஆபீஸ் போகிறவளுக்கு எதற்குப் போர்க்கவசம் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாய், இந்தத் தடவை கொண்டுவரவே இல்லை.

அது நான் பேசியிருக்கக் கூடாத பேச்சு, பவித்ரா. விசையையும் வேகத்தையும் கரும்பலகையில் எழுதியவன் பேசக்கூடிய பேச்சே இல்லை. அதைவிடப் பெரிய ஒன்றையும் பத்து வருடமாக உன்னிடம் மறைத்திருக்கிறேன்.

அம்மாவின் இடது மணிக்கட்டு துணி துவைக்கும் கல்லில் வழுக்கி விழுந்து உடைந்ததாகத்தான் உனக்குத் தெரியும். அவள் கல்லில் விழவில்லை. 2015 கார்த்திகை மாதம் அது. நீ பிளஸ் டூ படித்துக்கொண்டு விடுதியில் இருந்தாய். ஓட்டுகிறவரும் பின்னால் உட்காருகிறவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்ற உயர் நீதிமன்ற உத்தரவு அந்த வருடம் ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்திருந்தது. நானும் கடைக்காரனிடம் முன்பணம் கட்டிக் காத்திருந்து இரண்டு வாங்கினேன். அன்று சாயங்காலம் இரண்டு தெரு தள்ளி ஒரு வளைகாப்பு. அம்மா பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்திருந்தாள். ஸ்கூட்டரை எடுத்தபோது, ஹெல்மெட் எடுத்துக்கொள்ளவா என்று அவளாகவே கேட்டாள். பக்கத்துத் தெருதானே, பூ நசுங்கிவிடும், அங்கே போலீஸ்காரரும் நிற்கமாட்டார் என்று நான்தான் சொன்னேன். அவள் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். வீடு கட்டுகிறவர்கள் கொட்டியிருந்த எம்-சாண்ட் மழையில் கரைந்து தெருமுனை முழுவதும் பரவிக் கிடந்தது. வலப்பக்கம் திரும்பும்போது குறுக்கே ஒரு ஆட்டுக்குட்டி வந்தது, முன் பிரேக்கைப் பிடித்தேன். நடந்து போகிறவர் எங்களைத் தாண்டிப் போயிருக்கலாம், அவ்வளவு மெதுவாகத்தான் வண்டி போனது. வலப்பக்கம் சாய்ந்தது. அம்மா பின்னால் மல்லாந்து, இடது கையை ஊன்றி விழுந்தாள். கை உடைந்தது. பின்னந்தலை சாக்கடை வாறுகால் திண்டில் மோதியது. பூவெல்லாம் இரத்தம். மூன்று தையல் போட்டார்கள். ஆண்டவன் புண்ணியத்தில் உள்ளே ஒன்றும் இல்லை என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள்.

என் தலையில் ஹெல்மெட் இருந்தது. மெயின் ரோட்டைக் கடக்க வேண்டும், வாத்தியாரைப் பிடித்து நிறுத்தினால் மரியாதை போகும் என்று நான் போட்டிருந்தேன். அதில் ஒரு கீறல்கூட இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்ப்பதுபோல் இருந்தது, பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

பிள்ளைக்குப் பரீட்சை நேரம், கல்லில் விழுந்தேன் என்று சொல்லிவிடுங்கள் என்றாள் அம்மா. பரீட்சை முடிந்தது, கல்லூரி முடிந்தது, நீ வேலைக்கும் போய்விட்டாய். நான் சொல்லவே இல்லை. பனிக்காலத்தில் அவள் கையைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்காரும்போதெல்லாம், அந்தக் கல்லைப் பெயர்த்து எறியுங்கள் அப்பா என்று நீ சொல்வாய். நான் தலையாட்டுவேன். விழுந்ததை மறைக்கிற பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்க வேண்டியதில்லை.

நீ அந்த ஜாக்கெட்டை இனிமேல் போட வேண்டும். ஆபீசுக்கும் போடு, பால் வாங்கப் போனாலும் போடு. அத்தை சிரித்தால் சிரிக்கட்டும், நான் சிரிக்க மாட்டேன். கையுறை மறுபடி உதவாது, தையல் விட்டுவிட்டது. புதிது வாங்க உன் கணக்கில் பணம் போட்டிருக்கிறேன், உள்ளங்கையில் அதேபோல் வில்லை வைத்ததாகப் பார்த்து வாங்கு. முழங்காலுக்கும் பட்டை வாங்கு. கணுக்காலை மூடுகிற ஷூ போடு. செருப்போடு வண்டி எடுக்காதே. தாடைப் பட்டையை மாட்டாத ஹெல்மெட் விழும்போது தலையில் நிற்காது, இது உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். கட்டைவிரல் குழியை அழுத்திப் பார்க்கச் சொன்னேனே, இதைப் படித்து முடித்ததும் பார். எக்ஸ்ரே எடு.

நேற்று அம்மாவின் தலையைத் தையல் டேப்பால் அளந்தேன், 55 சென்டிமீட்டர் இருந்தது. பழைய ஹெல்மெட்டின் உள்துணி உதிர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் போய்ப் புதிது வாங்கி வருகிறோம்.

இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அம்மா வாங்கிப் படித்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, மூன்று தையல் இல்லை, ஐந்து என்று சொன்னாள்.

அன்புடன்,
அப்பா