வாய் உள்ளதை முதலில் பார்

வடபெரும்பாக்கம்,
பங்குனி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே ஆயா, அப்பா, தம்பி எல்லோரும் நலம். நீ கேட்டதற்குப் போனில் முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பக்கம் குழந்தை அழுகிறது, இந்தப் பக்கம் ஆயா கூப்பிடுகிறார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். குழந்தை தூங்கும்போது படி.

"நீ மட்டும் எப்படிம்மா சமாளிச்ச? எனக்கு ஒண்ணுமே முடியலையே" என்றாய். குரல் உடைந்திருந்தது. இது பங்குனி மாசம். நிலமும் மாடும் ஆடும் உள்ள எந்த வீட்டிலும் பங்குனியில் எல்லாம் ஒன்றாகத்தான் வந்து விழும். ஆடு குட்டி போடும், கோழி அடைக்கு உட்காரும், முருங்கை காய்க்கும், புளி வந்துவிடும், வெயில் ஏறிவிட்டதே என்று வடாம் போடச் சொல்வார்கள், பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கும். இதில் உன் கையில் எட்டு மாசக் குழந்தை வேறு. உன்னால் முடியவில்லை என்றால் உன்னிடம் குறை என்று அர்த்தமில்லை. ஒரு ஆளுக்கு மேற்பட்ட வேலை அது, அவ்வளவுதான்.

காலையில் எழுந்ததும் எதை முதலில் தொடுவது என்று தெரியாமல் நிற்கிறேன் என்றாயே, அதற்கு ஆயா எனக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். வாய் உள்ளதை முதலில் பார், வேர் உள்ளதை அடுத்துப் பார், இரண்டும் இல்லாததைக் கடைசியில் பார். குழந்தை, மாமியார், மாடு, ஆடு, கோழி எல்லாம் முதல் வரிசை. இவர்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் போய்விட்டால் பாதி நாள் முடிந்த மாதிரி. அப்புறம் செடி கொடி. வெயில் ஏறுவதற்குள் ஒரு தடவை தண்ணீர் விட்டால் போதும். துணி, பாத்திரம், பரணில் இருக்கும் ஒட்டடை எல்லாம் காத்திருக்கும். அவை பசிக்குது என்று கத்தப் போவதில்லை. யாராவது வந்து திண்ணையில் கோழி எச்சம் கிடப்பதைப் பார்த்து முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும்.

வாய் உள்ளது என்று சொன்னதில் உன்னையும் சேர்த்துத்தான் சொன்னேன். பால் கொடுக்கிற பெண் பதினொரு மணிவரை வெறும் டீயில் ஓட்டக் கூடாது. ராத்திரியே சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிடு. காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் தொழுவத்துக்குப் போக வேண்டும்.

ஆனால் இந்த வரிசை மட்டும் உன்னைக் காப்பாற்றாது. நான் சமாளித்தேன் என்றால் வேறு ஒரு காரணம் இருக்கிறது. அதை உனக்கு நான் சொன்னதே இல்லை.

உனக்கு விவரம் தெரியாத வயசு அப்போது. அப்பாவுக்கு மணலியில் ஷிப்ட் வேலை. வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்க மாட்டார், நல்ல மனுஷர். "என்ன செய்யணும் சொல்லு, செய்றேன்" என்பார். தவிடு தீர்ந்துவிட்டது என்று நான் சொன்னால் செங்குன்றம் போய் ரைஸ்மில்லில் மூட்டை போட்டு எடுத்து வருவார். டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றால் கூப்பிடுவார். ஆனால் தவிடு எப்போது தீரும், கோமாரி ஊசி எப்போது போட்டோம், அடுத்தது எப்போது, பசு எந்த மாசம் சினைக்கு நின்றது, எப்போது பால் வற்ற விட வேண்டும் எல்லாம் என் தலையில்தான் ஓடிக்கொண்டிருக்கும். இட்லி ஊற்றும்போதும் ஓடும், உன் தலையை வாரும்போதும் ஓடும். உடம்பு வேலையைவிட அதுதான் என்னை அசத்திப் போட்டது.

ஆயாதான் கவனித்தார். ஒருநாள் அப்பாவைக் கூப்பிட்டு, "அவ உனக்கு வேலை சொல்றதே ஒரு வேலைடா. மாடு இனிமே உன்னுது" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான் பேச்சு.

அப்பா அதைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆரம்பத்தில் தடுமாறினார். தவிடும் புண்ணாக்கும் தீர்ந்தது தெரியாமல் வெறும் வைக்கோலோடு சில நாள் போனது. பால் குறைந்துவிட்டது. எனக்கு வாய் துடித்தது. தண்ணீர்த் தொட்டி காய்ந்திருந்தால் மட்டும் சொல்லியிருப்பேன், தாகத்தில் எந்த உயிரையும் வைத்துப் பாடம் நடத்தக் கூடாது. மற்றபடி ஒன்றும் சொல்லவில்லை. பால் அளவு குறைந்ததும் அவரே திடுக்கிட்டுப் போய், காலண்டரில் எழுத ஆரம்பித்தார். இன்றைக்கும் நம் வீட்டுக் காலண்டரைப் பார், லட்சுமிக்கு ஊசி போட்ட தேதி, சினைக்கு நின்ற தேதி, அதிலிருந்து 280 நாள் எண்ணி ஈனப் போகிற தேதி எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கும். தை மாசம் பொன்னேரி பக்கம் சம்பா அறுப்பு முடிந்ததும் வைக்கோலுக்குச் சொல்லி வைப்பதும் அவர்தான். எத்தனை கட்டு வந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா?

அதனால் மாப்பிள்ளையிடம் உதவி கேட்காதே பாப்பா. வேலையையே கொடுத்துவிடு. வாரத்தில் பாதி நாள் அவர் செங்கல்பட்டு போய் வருகிறார் என்பது எனக்குத் தெரியும். அதனால் தினசரிப் பால் கறப்பது அவருக்கு ஒத்து வராது. ஆடுகளை அவரிடம் விடு. தழைக்கு யாரிடம் சொல்வது, குடற்புழு மருந்து எப்போது, எந்தக் கிடாயை எப்போது விற்பது எல்லாம் அவர் பார்க்கட்டும். அவர் இல்லாத நாளில் யார் ஓட்டிக் கட்டுவது என்று ஏற்பாடு செய்வதும் அவர் பொறுப்பாகவே இருக்கட்டும். கொடுத்த பிறகு பின்னாலேயே போய்ப் பார்க்காதே. அவர் கட்டுகிற முடிச்சு உன் முடிச்சு மாதிரி இருக்காது. இருக்கட்டும்.

உன் மாமியாருக்கு மூட்டு வலி, குனிய முடியாது. ஆனால் உட்கார்ந்தபடி செய்கிற வேலை இந்த மாசத்தில் நிறைய உண்டே. புளியைக் கொட்டை எடுத்து, கோது நீக்கி, உப்புப் போட்டுப் பானையில் அடைக்கிற வேலையை அவர்களிடம் முழுசாகக் கொடு. எவ்வளவு உப்பு என்றுகூட நீ சொல்லாதே. அவர்களுக்குத் தெரியாததா? நீ வாங்கிச் செய்தால்தான் அவர்களுக்கும் வருத்தம்.

பெரியவன் இரண்டாம் வகுப்புதானே என்று நினைக்காதே. வேப்பம்பூ பொறுக்குவது அவன் வேலையாக இருக்கட்டும். ராத்திரி மரத்தடியில் பழைய வாயில் புடவையை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டால், காலையில் எழுந்ததும் சுருட்டி எடுத்து வந்து முறத்தில் கொட்டுவான். எறும்பும் காம்பும் போகப் புடைத்து வெயிலில் காயப்போட்டால் மூன்று நாளில் டப்பாவில் அடைக்கலாம். சித்திரை முதல் நாள் பச்சடிக்கு அவன் பொறுக்கிய பூவைத்தான் போட வேண்டும் என்று அவனிடம் சொல்லு. பிள்ளைக்குக் கசக்காது பார்.

கோழிக்கூட்டை நீ அடைத்தது ஞாபகம் இருக்கிறதா? பொழுது சாய்ந்ததும் எண்ணி, உள்ளே விட்டு, தாழ்ப்பாள் போடுவது உன் வேலை. ஒருநாள் விளையாட்டில் மறந்துவிட்டாய். கீரிப்பிள்ளை வந்து ஒரு கோழியை இழுத்துப் போய்விட்டது. நீ அழுத அழுகை எனக்கு இன்னும் கேட்கிறது. அன்றைக்கு அப்பா அந்த வேலையை உன்னிடமிருந்து வாங்க வேண்டாம் என்று சொன்னார். மறுநாளும் நீதான் அடைத்தாய்.

சரி, இப்போது உன் ஆட்டுக்கு வருகிறேன், அதுதான் அவசரம். சினைக்கு நின்று ஐந்து மாசம் என்றால் இந்த வாரமோ அடுத்த வாரமோதான். வாலடியில் இரண்டு பக்கமும் குழி விழும், மடி இறுகிப் பளபளக்கும், கூட்டத்தை விட்டு ஒதுங்கி நின்று காலால் தரையைப் பறிக்கும். அப்போது காய்ந்த வைக்கோல் போட்ட இடத்தில் தனியாக விட்டு, தள்ளி நின்று பார். நீ பக்கத்தில் போய்ப் போய் நின்றால் அது முக்காது. நன்றாக முக்க ஆரம்பித்து அரைமணி நேரம் ஆகியும் குட்டி தலையோ காலோ காட்டவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிட்டுவிடு. கையை விட்டு இழுக்கிறேன் என்று யார் வந்தாலும் விடாதே. உள்ளூர் கால்நடை டாக்டர் நம்பரையும், அரசாங்கத்தின் கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962-ஐயும் இன்றைக்கே தொழுவச் சுவரில் கரியால் பெரிசாக எழுதி வை. ராத்திரியில் போனில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

குட்டி விழுந்ததும் மூக்கு, வாயில் உள்ள சளியைத் துணியால் துடை. மற்றதைத் தாய் நக்கிக்கொள்ளும். தொப்புள் கொடியில் டிஞ்சர் அயோடின் வை. ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போய்விட வேண்டும். குட்டிக்கு மடி பிடிக்கத் தெரியவில்லை என்றால் முதல் பீச்சைத் தரையில் விட்டுவிட்டு, காம்பை அதன் வாயில் வை. நஞ்சுக்கொடி தானாக விழும்வரை இழுக்காதே. ராத்திரி முழுக்க ஆகியும் விழாவிட்டால் அதுவும் டாக்டர் வேலை.

இன்னொன்று. பங்குனி உத்திரம் வருகிறது. விசேஷம் முடிந்து மீந்த சோறு, பொங்கல் எதையும் ஆட்டுக்கோ மாட்டுக்கோ வாளி வாளியாக வைக்க விடாதே. நல்லது செய்வதாக நினைத்து ஊரார் கொண்டுவந்து கொட்டுவார்கள். அரிசிச் சோறு வயிற்றில் புளித்து, உப்பி, ஒரே ராத்திரியில் உயிரே போய்விடும். ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.

அடைக்கு உட்கார்ந்திருக்கும் கோழி விஷயத்தில் நான் சொல்வதைக் கேள். இந்தத் தடவை முட்டை வைக்காதே. கூடையில் மணல் பரப்பி, கரித்துண்டும் இரும்பும் வற்றல் மிளகாயும் போட்டு ஆயா அடை வைக்கும் அழகைப் பார்த்து உனக்கும் ஆசை வந்திருக்கும். ஆனால் 21 நாள் கழித்துக் குஞ்சு வெளியே வரும்போது சித்திரை வெயில். ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, பருந்துக்குக் காவல், மூன்று வேளையும் நொய் என்று அதற்கு ஓட வேண்டும். ஏற்கெனவே உன் முதல் வரிசையில் இடமில்லை. அடியில் காற்றுப் புகுகிற கம்பிக் கூண்டில் நாலு நாள் விட்டால் அடை தெளிந்துவிடும். ஆடியில் மழை விழுந்ததும் வைத்துக்கொள்ளலாம். மாசி முகாமில் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசி போட்டீர்களா என்று கேட்க மறந்துவிட்டேன். இல்லையென்றால் இப்போதாவது போடச் சொல்.

வடாம் போட முடியவில்லையே என்று எதற்கு வருத்தப்படுகிறாய்? நான் எதற்கு இருக்கிறேன்? கூழ் வடாமும் மோர்மிளகாயும் உனக்கும் சேர்த்துத்தான் மாடியில் காய்கிறது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் மீன் விலை ஏறிவிடும் என்று ஆயா இப்போதே நெத்திலியும் வாளையும் வாங்கிக் கருவாடு போட்டுவிட்டார். காக்காயை விரட்டக் கம்பும் கையுமாக மாடியில் உட்கார்ந்திருக்கிறார். அது அவர் வேலை, நாங்கள் யாரும் கிட்டே போவதில்லை.

2011-ல் நம் ஊர் மாநகராட்சிக்குள் போனதிலிருந்து நிலத்தைக் கொடு என்று கேட்டு வருகிறவர்கள் குறையவே இல்லை. சுற்றிலும் குடோன், வாசலில் கன்டெய்னர் லாரி. மாடு மேய இடம் எங்கே என்று கேட்கிறார்கள், நியாயம்தான். ஆனால் உன் அப்பா ஷிப்ட் முடிந்து வந்து லட்சுமியின் கழுத்தைத் தடவிக்கொண்டே நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தைப் பார்த்தால் நீயும் விற்கச் சொல்ல மாட்டாய். நீ அங்கே நிலத்தோடு இருக்கப் போகிறேன் என்றபோது நான் தடுக்காததற்கும் அதுதான் காரணம். எனக்கு அதில் சந்தோஷம். நீ ஒருத்தியாகச் சுமக்கிறாய் என்பது மட்டும்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

தம்பிக்குப் பிளஸ் டூ கடைசிப் பரீட்சை முடிந்ததும் அனுப்பி வைக்கிறேன். பத்து நாள் அங்கே இருப்பான். அவனிடமும் "இதைச் செய், அதைச் செய்" என்று சொல்லிக்கொண்டிருக்காதே. தண்ணீர் பாய்ச்சுவது முழுக்க அவனுடையது என்று சொல்லிவிட்டு, குழந்தையோடு நன்றாகத் தூங்கு. வடாமும் கருவாடும் அவனிடம் கொடுத்து விடுகிறேன். காலி டப்பாக்களை அவனிடமே கொடுத்தனுப்பு, எல்லாம் உன்னிடம்தான் சேர்ந்துவிட்டது.

ஆடு குட்டி போட்டதும் எந்த நேரமானாலும் போன் செய். இரண்டு குட்டியென்றால் ஒன்று சின்னதாக இருக்கும், அதற்கு முதலில் பால் கொடு.

அன்புடன்,
அம்மா