அந்தி நேரத்து அழுகைக்கு மருந்து வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிறந்த முதல் இரண்டு வாரம் தூங்கியே கழித்த குழந்தை, மூன்றாவது வாரம் சாயங்காலமானால் வீறிட்டு அழத் தொடங்கும். வீடு பதறிப்போகும். ‘பால் பத்தல’ என்று ஒருவர் பால்பவுடர் டப்பா வாங்கி வருவார். ‘உரம் விழுந்திருக்கு’ என்று இன்னொருவர் புடவையில் போட்டு உருட்டுவார். அப்புறம் வசம்பு, கிரைப் வாட்டர். பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலை பார்க்கும் எங்களிடம் இத்தனையும் முடிந்த பிறகுதான் பல குழந்தைகள் வருகின்றன.

நோயில்லாத குழந்தைக்கும் அழுகை இரண்டு வாரம் ஆனதிலிருந்து கூடிக்கொண்டே போய், ஆறாம் வாரத்தை ஒட்டி உச்சத்துக்கு வந்து, மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அழுவதும், அதில் பெரும்பகுதி அந்தியில் வருவதும் வழக்கம்தான். குறைமாதக் குழந்தைக்கு இந்த வாரக்கணக்கை, மருத்துவர் குறித்துக்கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். அழுகை தானாகக் குறையத் தொடங்கும் ஏழாம் எட்டாம் வாரத்தில் எந்த மருந்தைக் கொடுத்தாலும் அதனால்தான் குறைந்ததுபோலவே தோன்றும் என்பதையும் பெற்றோர் மனத்தில் வைக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது பசி. கையை வாயில் வைப்பது, சப்புக்கொட்டுவது, தலையைத் திருப்பி மார்பைத் தேடுவது எல்லாம் பசியின் தொடக்கம்; அழுகை அதன் கடைசிக் கட்டம். வீறிட்டு அழும் குழந்தைக்கு நாக்கு மேலே தூக்கி நிற்கும். அப்போது மார்பை வாயில் திணித்தால் சரியாகக் கவ்வாது, காற்றைத்தான் விழுங்கும். சட்டையைக் கழற்றி, தாயின் வெறும் மார்போடு சில நிமிடம் அணைத்து, அழுகை தணிந்த பிறகு கொடுங்கள். நாளுக்கு 8 முதல் 12 தடவை குடிக்கலாம். சாயங்காலத்தில் அடுத்தடுத்துக் கேட்கும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு துணியாவது நன்றாக நனைந்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது என்றே பொருள். டப்பா வேண்டாம்.

குடித்து முடித்தும் அழுகை நிற்காவிட்டால் துணியெல்லாம் அவிழ்த்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை வெளிச்சத்தில் பாருங்கள். இதைத்தான் பலரும் செய்வதில்லை. தாயின் தலைமுடி ஓர் இழையோ, கையுறைக்குள் பிரிந்த நூலோ விரலில் சுற்றி இறுகினால் விரல் நுனி சிவந்து வீங்கும், பிறகு நீலம் பாரிக்கும். வீக்கத்துக்குள் முடி புதைந்துவிடுவதால் கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பாருங்கள். ஆண் குழந்தைக்குக் குறியையும் பாருங்கள். சுலபமாக எடுக்க வரவில்லை என்றால் நோண்டாமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். கையுறை, காலுறையின் தையல் வெளிப்பக்கம் இருக்கும்படி திருப்பிப் போடுவது நல்லது. அரைஞாண் கயிறும் வளையலும் அழுத்துகின்றனவா என்று அப்போதே பார்த்துவிடலாம்.

பிறகு தோளில் சாய்த்து ஏப்பம் எடுத்து, தூக்கிக்கொண்டு ஒரே சீராக ஐந்து நிமிடம் நடங்கள். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிலையத்தார் 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. தூங்கியதும் கீழே போட்டுவிடக் கூடாது. மடியில் வைத்தபடி ஐந்து முதல் எட்டு நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். படுக்கையில் முதுகு படும்போது விழிப்பதைவிட, அணைத்திருந்த உடம்பைவிட்டுப் பிரியும் நொடியில்தான் குழந்தை அதிகம் விழிக்கிறது. துணி சுற்றுவதானால் பழைய வேட்டித் துணி ஒரு சுற்று போதும். கை உள்ளே இருக்கலாம். இடுப்பும் காலும் தவளைக்கால்போல மடங்கி விரிய இடம் வேண்டும். பிடரி வியர்த்தால் துணியை எடுத்துவிடுங்கள். மல்லாத்தியே படுக்க வையுங்கள். புரள முயலும்போது சுற்றுவதையே நிறுத்திவிடுங்கள். தூளியில் மோவாய் மார்பில் இடிக்கக் கிடந்தால் மூச்சுப்பாதை மடங்கும். தூங்கியதும் சமதளத்தில் மாற்றிவிடுங்கள்.

ஆறு மாதம்வரை தாய்ப்பாலும் மருத்துவர் எழுதிக்கொடுப்பதும் தவிர வேறெதுவும் தேவையில்லை. கல்லில் உரைக்கும் வசம்புக்கும் ஜாதிக்காய்க்கும் அளவு கிடையாது. மயங்கித் தூங்கும் குழந்தை பால் குடிக்காமலும் கிடக்கும். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் தசையைச் செயலிழக்க வைக்கும் நச்சு குடலில் உண்டாகலாம். உரம் எடுப்பதாக உருட்டுவதும் குலுக்குவதும் தலை நிற்காத குழந்தைக்கு ஆபத்து. வேகமாகக் குலுக்கினால் மூளையில் இரத்தக்கசிவே ஏற்படலாம். ஆத்திரம் வருகிறதென்றால் குழந்தையைப் பத்திரமான இடத்தில் மல்லாத்திப் படுக்க வைத்துவிட்டுப் பத்து நிமிடம் தள்ளி நில்லுங்கள். அந்த நேரம் அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. தாயும் நாளெல்லாம் அழுகிறார் என்றால் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணை அழைத்துப் பேசுங்கள்.

இனிச் சொல்பவை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவை: 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காய்ச்சல், பச்சை நிற வாந்தி, பால் குடிக்க மறுப்பது, துவண்டு முனகுவது, உச்சிக்குழி புடைப்பது, விலா உள்ளிழுக்கும் மூச்சு, தொடை இடுக்கில் வீக்கம். உடனே 108-ஐ அழையுங்கள்.

சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள். 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாள்களில் பணியாளர் வீட்டுக்கே வந்து குழந்தையைப் பார்க்கும் திட்டம் இருக்கிறது. எடை, தொப்புள், தாய்ப்பால் என்று பார்ப்பதோடு, அழுகை கூடத் தொடங்கும் 14-ஆம் நாளிலேயே அதைப் பற்றியும் பேச வேண்டும். பேசும்போது பாட்டிமாரும் குழந்தையின் தகப்பனும் உடன் இருக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு என்ன கொடுப்பது, யாரிடம் தூக்கிப் போவது என்று முடிவு செய்வது பெரும்பாலும் அவர்கள்தான்.

இப்படிக்கு,
பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர்கள் சிலர்,
மதுரை.