காணாமல் போனவளை மறந்துவிட்ட படம்

அன்பு மகளுக்கு,

சென்ற வாரம் நீ பார்க்கச் சொன்ன 'தி வானிஷிங்' படத்தை, 1993-இல் ஹாலிவுட்டில் வந்ததை, நேற்றிரவு நானும் அப்பாவும் பார்த்தோம். உனக்குப் பிடித்த படம் என்று தெரிந்தும், எனக்கு அது பெரும் ஏமாற்றமாக இருந்ததை உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை. அதே இயக்குநர் ஜார்ஜ் ஸ்லூய்சர் 1988-இல் தம் சொந்த நாடான நெதர்லாந்தில் இதே கதையை 'ஸ்பூர்லோஸ்' என்ற பெயரில் எடுத்திருந்தார். அதை நான் முன்பே பார்த்துவிட்டேன்.

அந்தப் படத்தில், விடுமுறைக்காகக் காரில் பிரான்சுக்குப் போகும் இளம் ஜோடி, நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தி, அங்கிருக்கும் மரத்தடியில் விளையாட்டாக இரண்டு நாணயங்களைப் புதைத்து வைக்கிறது. பிறகு, குடிக்க ஏதாவது வாங்கி வருவதாகச் சொல்லி உள்ளே போகும் சாஸ்கியா திரும்பவே இல்லை. மூன்று ஆண்டுகள் அவளைத் தேடி அலையும் ரெக்ஸின் முன்னால் ஒருநாள் கடத்தியவனே வந்து நின்று, அவளுக்கு நேர்ந்தது தெரிய வேண்டுமென்றால் மயக்க மருந்து கலந்த இந்தக் காபியைக் குடி என்கிறான். ரெக்ஸ் அந்த மரத்தடிக்கு ஓடி, இருட்டில் வெறும் கையால் மண்ணைத் தோண்டி நாணயங்களை எடுத்துப் பார்த்துவிட்டு, வந்து குடிக்கிறான். கண் விழிக்கும்போது மண்ணுக்கடியில் ஒரு பெட்டிக்குள் உயிரோடு கிடக்கிறான். அவனைக் காப்பாற்ற யாரும் வருவதில்லை.

புத்தியுள்ளவன் அந்தக் காபியைக் குடிப்பானா என்று அப்பா கேட்டார். நீ மணாலிக்குத் தனியாகப் போனபோது, ஒரு இரவு முழுவதும் உன் கைபேசி அணைந்து கிடந்தது நினைவிருக்கிறதா? விடியும்வரை கூடத்து நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் யாராவது என்னிடம் ஒரு தம்ளரை நீட்டி, குடித்தால் உன் மகள் எங்கே என்று சொல்கிறேன் என்றிருந்தால், மறுபேச்சில்லாமல் நான் வாங்கிக் குடித்திருப்பேன்.

ஹாலிவுட் படத்தில் இந்தத் தவிப்புக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. நாயகனின் புதிய காதலி துப்புத் துலக்கிக்கொண்டு வந்துவிடுகிறாள். புதைக்கப்பட்டவன் மேலே வருகிறான். மண்வெட்டியால் வில்லனை அடித்துக் கொல்கிறான். வில்லனாக வரும் ஜெஃப் பிரிட்ஜஸ் சிறந்த நடிகர்தான், ஆனால் இதில் அவருடைய குரலும் நடையும் பார்த்தவுடனேயே ஆளை விலகிப் போகச் சொல்கின்றன. டச்சுப் படத்தில் கடத்துபவனான லெமோர்ன் என்பவனோ வேதியியல் ஆசிரியர், இரண்டு பெண்களுக்குத் தகப்பன், நம் தெருவில் குடியிருந்தால் நாமே வணக்கம் சொல்லியிருக்கக்கூடிய மனிதர்.

எனக்குத் தாங்கவே முடியாதது அந்தக் கடைசிக் காட்சி. தப்பித்த இருவரும் ஓர் உணவகத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். காபி வேண்டுமா என்று கேட்டதும் இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்கிறார்கள். நாம் சிரிக்க வேண்டுமாம். முதலில் காணாமல் போன அந்தப் பெண், டயான், மண்ணுக்குள்ளேயே கிடக்கிறாள். அவளுக்கும் ஓர் அம்மா இருந்திருப்பாள் அல்லவா?

பொங்கலுக்கு நீ வரும்போது 'ஸ்பூர்லோஸ்' படத்தைச் சேர்ந்து பார்ப்போம். அதற்குள் ஆசைப்பட்டு அறையில் தனியாக, இரவில் உட்கார்ந்து பார்த்துவிடாதே.

அன்புடன்,
அம்மா